ஷகிராவின் 145 பாட்டுகள்

கொலம்பியப் பாடகி ஷகிராவின் சொத்து மதிப்பு எவ்வளவு என்று தேடினால் ஒரே நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். ஒரு தளம் ஒரு தொகை சொல்லும், அடுத்த தளம் அதைவிடச் சில கோடி டாலர் கூட்டியோ குறைத்தோ சொல்லும். எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. கணக்கு எழுதுவது என் தொழில். வரவு எந்த வழியில் வந்தது, யார் பெயரில் இருக்கிறது, எந்த நாட்டில் வரி கட்டப்பட்டது என்று தெரியாத ஒரு தொகையை என்னால் நம்ப முடிவதில்லை.

அந்த ஒற்றைத் தொகையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஷகிராவின் பணத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, நிறுவன அறிவிப்புகள் இருக்கின்றன, யார் யார் எழுதியது என்று ஒவ்வொரு பாட்டின் பதிவிலும் இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஷகிரா என்றதும் எல்லோருக்கும் இடுப்பு நடனம்தான் நினைவுக்கு வருகிறது. அவரைப் பணக்காரராக்கியது, தன் பாட்டைத் தானே எழுதியே தீருவேன் என்று சின்ன வயதிலிருந்து அவரிடம் இருந்த பிடிவாதம்.

கொலம்பியாவின் கரீபியன் கடற்கரையில் பாரன்கியா என்ற துறைமுக ஊர். கார்னிவலுக்குப் பெயர் போன ஊர், அரபு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர். 1977 பிப்ரவரி 2 அன்று அங்கே பிறந்தவர் ஷகிரா. அப்பா வில்லியம் மெபாராக் லெபனான் வம்சாவளி, நகைக்கடை வைத்திருந்தார். ஷகிராவுக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பாவின் தொழில் திவாலானது. அந்தச் சமயத்தில் அவரை லாஸ் ஏஞ்சல்ஸில் குடும்ப நண்பர்கள் வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டில் மேஜை நாற்காலிகள் இல்லை, கார் இல்லை, கலர் டிவி இருந்த இடத்தில் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. அப்புறம் அப்பா அவரைப் பக்கத்துப் பூங்காவுக்கு அழைத்துப்போய், பசையை முகர்ந்துகொண்டு தெருவில் கிடந்த அனாதைப் பிள்ளைகளைக் காட்டினார். நாம் ஒன்றும் எல்லாவற்றையும் இழந்துவிடவில்லை என்று புரியவைக்கத்தான். ஒருநாள் பெரிய ஆளாகி இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அங்கேதான் முடிவெடுத்ததாக ஷகிரா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இப்படிச் சொல்லாத பிரபலம் கிடையாது. ஆனால் இவர் விஷயத்தில் அதற்கு ஆதாரமாகக் கட்டடங்கள் நிற்கின்றன, அதற்குப் பிறகு வருகிறேன்.

எழுத்து அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. நான்கு வயதில் கவிதை, ஏழு வயதில் கிறிஸ்துமஸுக்குத் தட்டச்சு இயந்திரம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது, எட்டு வயதில் முதல் பாட்டு. அப்பாவின் முதல் மணத்துப் பிள்ளைகளில் ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தை மறைக்க அப்பா எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எட்டு வயதுப் பெண் அந்தக் கண்ணாடியைப் பற்றிப் பாட்டு எழுதினாள். பள்ளிக் கோரஸில் மட்டும் அவரைச் சேர்க்கவில்லை. குரல் அதிகம் அதிர்கிறது, ஆடு கத்துவதுபோல் இருக்கிறது என்று ஆசிரியரும் பிள்ளைகளும் சொன்னார்களாம். அதே அதிர்வுதான் பின்னாளில் அவருடைய அடையாளமானது.

பதின்மூன்று வயதில் சோனி நிறுவனத்தின் கொலம்பியக் கிளையோடு மூன்று ஆல்பங்களுக்கு ஒப்பந்தம். 1991இல் முதல் ஆல்பம், 1993இல் இரண்டாவது. இரண்டும் விற்கவில்லை. இரண்டாவது ஆல்பம் உருவான விதம் அவருக்கே பிடிக்கவில்லை. பிற்காலத்தில் உலகம் முழுக்க அவர் பெயர் தெரிந்த பிறகும் அந்த இரண்டு ஆல்பங்களையும் மறுபடி வெளியிட அவர் சம்மதிக்கவில்லை. விற்றால் லட்சக்கணக்கில் போகும் என்று தெரிந்தும் வேண்டாம் என்று சொன்னவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆல்பம். பள்ளி முடித்துவிட்டு போகோட்டாவுக்குப் போய், பிழைப்புக்கு ஒரு டிவி தொடரில் நடித்தார். 1994இல் ஒரு தொகுப்பு ஆல்பத்துக்காக எழுதிக்கொடுத்த தனிப்பாட்டு எதிர்பாராமல் ஹிட்டானது. அந்த ஒற்றை வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாவது ஆல்பத்தில் தயாரிப்பிலும் தன் கை இருக்க வேண்டும் என்று நின்றார். லூயிஸ் ஃபெர்னாண்டோ ஓசோவா என்ற இசைக்கலைஞரோடு உட்கார்ந்து 1995இல் பியேஸ் தெஸ்கால்சோஸ் ஆல்பத்தை முடித்தார். 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. வயது பதினெட்டு. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை அவர் பாட்டு ஓடியது. 1998இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கான வரிகளை வைத்திருந்த பெட்டி போகோட்டா விமான நிலையத்தில் திருடு போனது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார். திருடர்கள் எங்கே என்று கேட்கும் ஆல்பத் தலைப்பு அந்தச் சம்பவத்திலிருந்து வந்ததுதான்.

இதற்குப் பிறகு வரும் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1990களின் கடைசியில் ரிக்கி மார்ட்டின், ஜெனிஃபர் லோபஸ் போன்றவர்கள் ஆங்கிலத்தில் பாடி அமெரிக்கச் சந்தையைத் திறந்துவிட்டார்கள். மியாமியில் பாடகி குளோரியா எஸ்தெஃபானும் அவர் கணவரும் தயாரிப்பாளருமான எமிலியோ எஸ்தெஃபானும் ஷகிராவை ஆங்கிலத்துக்கு வரச் சொன்னார்கள். வழக்கமான வழி சுலபமானது. நியூயார்க்கிலோ ஸ்டாக்ஹோமிலோ இருக்கும் கைதேர்ந்த பாடலாசிரியர்களிடம் பத்துப் பாட்டு வாங்கிக்கொள்ளலாம், பாடிவிட்டுப் போகலாம். அல்லது ஏற்கெனவே ஹிட்டான ஸ்பானிஷ் பாட்டுகளை யாரையாவது வைத்து ஆங்கிலத்தில் மாற்றலாம். அதற்கு குளோரியா எஸ்தெஃபானே தயாராக இருந்தார்.

ஷகிரா இந்த இரண்டு வழிகளையும் நம்பி இருக்கவில்லை. அப்போது அவருக்குச் சரளமாக ஆங்கிலம் பேச வராது. உருகுவேயில் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொண்டு, அகராதிகளையும் கவிஞர்கள் வால்ட் விட்மன், லியனார்ட் கோஹன் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு, ஆசிரியர் வைத்து ஆங்கிலம் படித்து, அந்த மொழியிலேயே பாட்டு எழுதினார். 2001 நவம்பரில் லாண்ட்ரி சர்வீஸ் ஆல்பம் வெளிவந்தது. அதிலிருந்து முதலில் வெளியான பாட்டில் ஆண்டிஸ் மலையின் புல்லாங்குழல் ஒலிக்கும். வரிகளில் தன் மார்பை மலையோடு ஒப்பிட்டு, நல்லவேளை இது சிறியது என்று ஒரு பெண் சொல்வாள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட எந்தப் பாடலாசிரியரும் அப்படி ஒரு வரியை எழுதியிருக்க மாட்டார். சில விமர்சகர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டது. கேட்டவர்களுக்கு மறக்கவில்லை. ஆல்பம் 1.3 கோடி பிரதிகள் விற்றதாகச் சொல்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பாட்டு என்பது கணக்கில் இரண்டு தனிச் சொத்து. ஒன்று பாட்டு, அதாவது மெட்டும் வரியும். இன்னொன்று அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு. நிலம் ஒருவர் பெயரிலும் அதில் கட்டிய வீடு இன்னொருவர் பெயரிலும் இருப்பதுபோல. ஒலிப்பதிவுக்கான செலவை நிறுவனம் போடும், அதனால் பெரும்பாலும் அது நிறுவனத்துக்கே சொந்தமாகிவிடும். பாடியவருக்கு அதில் ஒரு சதவீதம், அதுவும் முன்பணம் கழிந்த பிறகு. மெட்டும் வரியும் எழுதியவருக்குச் சொந்தம். வானொலியில் ஒலித்தாலும், வேறொருவர் மேடையில் பாடினாலும், விளம்பரத்தில் பயன்படுத்தினாலும் எழுதியவருக்குப் பங்கு வந்துகொண்டே இருக்கும். பிறர் எழுதியதை வாங்கிப் பாடுகிறவருக்கு எழுதியவரின் இந்த வரவு கிடையாது. உருகுவே பண்ணை வீட்டில் அகராதி புரட்டிய மாதங்களில் ஷகிரா சேர்த்த சொத்து இதுதான்.

தனியாக எழுதினால் முழுப் பங்கு, கூட்டாக எழுதினால் பங்கு பிரியும். அவருடைய மிகப் பெரிய ஹிட்டுகளை எடுத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 2006இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த ஹிப்ஸ் டோண்ட் லை, பாடகர் விக்லிஃப் ஜான் ஏற்கெனவே 2004இல் ஒரு படத்துக்காகச் செய்த பாட்டின் மறுபிறவி. தொடக்கத்தில் வரும் அந்த ட்ரம்பெட், புவேர்ட்டோ ரிக்கோ சால்சா பாடகர் ஜெர்ரி ரிவேரா 1992இல் பாடிய பாட்டிலிருந்து வந்தது. அதை எழுதியவர் பனாமாவைச் சேர்ந்த ஓமர் அல்ஃபானோ. எனவே ஹிப்ஸ் டோண்ட் லை எங்கே ஒலித்தாலும் அவருக்கும் ஒரு பங்கு போகிறது.

2010 கால்பந்து உலகக்கோப்பைப் பாட்டு வக்கா வக்கா இன்னும் நீண்ட கதை. அதன் பல்லவி கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986இல் வெளியிட்ட ஜங்கலேவா பாட்டுடையது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் கேமரூன் அதிபரின் காவல்படையைச் சேர்ந்தவர்கள். தங்கள் பாட்டு உலகம் முழுக்க ஒலிப்பதைக் கேட்டு அவர்கள் உரிமை கோரினார்கள், நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஆனது. யூடியூபில் 300 கோடி பார்வைகளைத் தாண்டிய பாட்டு அது. உலகக்கோப்பைக்கு முன்பே அவர்களைத் தேடிப்போய்ப் பேசி முடித்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். எழுதியவரின் உரிமையால் வளர்ந்த ஒரு கலைஞர், இன்னொரு எழுத்தாளரின் உரிமையில் எல்லோரையும்விடக் கவனமாக இருந்திருக்க வேண்டும். அதே தென்னாப்பிரிக்க உலகக்கோப்பை நாட்களில்தான் பார்சிலோனா கால்பந்து வீரர் ஜெரார்ட் பிக்கேயோடு நெருக்கம் வந்தது. அதன் விளைவுகள் கணக்குப் புத்தகத்தில் பின்னால் வரும்.

அதற்கு முந்தைய உறவும் பணத்தில்தான் முடிந்தது. அர்ஜென்டினாவின் முன்னாள் அதிபர் ஃபெர்னாண்டோ தெ லா ருவாவின் மகன் அந்தோனியோ பல ஆண்டுகள் ஷகிராவின் துணையாக இருந்து, தொழில் விஷயங்களையும் கவனித்தார். பிரிந்த பிறகு, இந்த வெற்றியில் தனக்கும் பங்கு உண்டு என்று 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு தள்ளுபடியானது.

கச்சேரி வருமானத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 2008இல் லைவ் நேஷன் நிறுவனத்தோடு ஆல்பம், கச்சேரி, பொருள் விற்பனை எல்லாம் சேர்ந்த பெரிய ஒப்பந்தம் போட்டார், அரங்கம் அரங்கமாகப் பாடினார். ஆனால் மேடை வருமானம் உடம்பை நம்பியது என்பதற்கு 2017 ஒரு சாட்சி. உலகச் சுற்றுப்பயணம் தொடங்கும் நேரத்தில் அவருடைய குரல் நாணில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. பயணம் முழுவதும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னதை ஏற்காமல், பேசாமல் இருந்து, குரல் தானாகத் தேறி, 2018 ஜூனில் ஹாம்பர்க்கில் மறுபடி மேடை ஏறினார். பாட முடியாத அந்த மாதங்களிலும் எழுதிய பாட்டுகள் பணம் ஈட்டிக்கொண்டிருந்தன.

சரி, 145க்கு வருவோம். 2021 ஜனவரியில் ஹிப்னோசிஸ் சாங்ஸ் ஃபண்ட் என்ற லண்டன் நிதி நிறுவனம் ஷகிராவின் 145 பாட்டுகளின் பதிப்புரிமையை முழுவதும் வாங்கியது. விலை அறிவிக்கப்படவில்லை. ஒலிப்பதிவுகள் அதில் சேராது. விற்றது எழுதியவர் என்ற முறையில் அவருக்கு இருந்த உரிமையை. பாடகர்கள் பாப் டிலனும் நீல் யங்கும் அதே சமயத்தில்தான் விற்றார்கள். வட்டி விகிதம் அடிமட்டத்தில் இருந்த காலம். வங்கியில் போட்டால் ஒன்றும் வராது என்ற நிலையில், தொடர்ந்து ராயல்டி தரும் பழைய ஹிட் பாட்டுகளுக்கு முதலீட்டாளர்கள் பல ஆண்டு வருமானத்தை ஒரே தவணையில் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். 2022இல் வட்டி ஏறியதும் அந்த உற்சாகம் குறைந்தது, ஹிப்னோசிஸின் பங்கு விலை சரிந்தது, 2024இல் பிளாக்ஸ்டோன் அந்த நிதியை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. எட்டு வயதிலேயே பாட்டு எழுதத் தொடங்கிய ஒருவர் அரைப் பிராயத்துக்குள் எழுதிச் சேர்த்த பாட்டுகள், அப்படி உலகின் மிகப் பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தன.

விற்றது சரியா? தொழில் கண்ணோடு பார்த்தால் மிகச் சரியான நேரம். சந்தை உச்சத்தில் இருந்தபோது விற்றுவிட்டார். ஆனாலும் எனக்கு அதில் ஒரு வருத்தம் இருக்கிறது. பிடிக்காத இரண்டு ஆல்பங்களை யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்த பெண், பிடித்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாரே என்ற வருத்தம்.

அப்போது அவருக்கு ரொக்கம் தேவைப்பட்டிருக்குமா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. பின்னால் ஸ்பெயின் நின்றுகொண்டிருந்தது.

ஸ்பெயினில் ஓர் ஆண்டில் 183 நாளுக்கு மேல் இருந்தால் வரி விஷயத்தில் நீங்கள் அந்நாட்டுவாசி. உலகில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே வரி கட்ட வேண்டும். நாள் எண்ணும் இந்த வேலை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்துபோகிறவர்களுக்கு நானும் பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஷகிரா 2015இல்தான் ஸ்பெயின்வாசியாகத் தன்னை அறிவித்தார். அதற்கு முன் காகிதத்தில் அவர் பஹாமாஸ்வாசி. 2012, 2013, 2014 மூன்று ஆண்டுகளிலும் அவர் 200 நாளுக்கு மேல் ஸ்பெயினில்தான் இருந்தார், 1.45 கோடி யூரோ வரி ஏய்த்தார் என்று அரசு வழக்கறிஞர்கள் 2018இல் வழக்குத் தொடுத்தார்கள். பிக்கேயும் குடும்ப வீடும் பார்சிலோனாவில். அதிகாரிகள் அக்கம்பக்கத்தாரை விசாரித்தார்கள், சிகை அலங்கார நிலையத்தில் விசாரித்தார்கள், சமூக ஊடகப் பதிவுகளைத் தேதி வாரியாக அடுக்கினார்கள். இதற்கு முன்பே 2017இல் பாரடைஸ் பேப்பர்ஸ் என்ற பெயரில் கசிந்த வெளிநாட்டு நிறுவன ஆவணங்களில், அவருடைய இசை உரிமைகளும் வணிகப் பெயரும் மால்ட்டாவில் ஒரு நிறுவனத்தின் பெயரில் 3.16 கோடி யூரோ மதிப்பில் வைக்கப்பட்டிருந்தது வெளியாகியிருந்தது.

உலகம் முழுக்கச் சுற்றுகிற தொழில், வெளியூர் இருப்பெல்லாம் வேலைக்காக என்பது ஷகிரா தரப்பு வாதம். கேட்ட தொகையையும் வட்டியையும் கட்டிவிட்டு, ஆனால் தான் குற்றவாளி இல்லை என்று நின்றார். 2022இல் சமரசத்தை மறுத்தார். அரசு வழக்கறிஞர்கள் எட்டு ஆண்டுக்கும் மேல் சிறை கேட்டார்கள். 2023 நவம்பர் 20 அன்று பார்சிலோனாவில் விசாரணை தொடங்கிய சில நிமிடங்களிலேயே உடன்பாட்டை ஏற்றுக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டு சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 70 லட்சம் யூரோவுக்கும் மேல் அபராதம். பிள்ளைகளுக்காக இந்த முடிவெடுத்ததாகச் சொன்னார். 2018ஆம் ஆண்டுக் கணக்கின் மீது வந்த இன்னொரு வழக்கு 2024 மே மாதத்தில் கைவிடப்பட்டது.

அவருடைய ரசிகர்கள் பலர் இதை ஒரு பெண்ணின் மீதான வேட்டை என்று எழுதுகிறார்கள். ஸ்பெயின் வரித்துறை மெஸ்ஸியையும் ரொனால்டோவையும்கூட விடவில்லை. குடும்பத்தோடு ஒரு ஊரில் வீடு வைத்து வாழ்கிறவர் அந்த ஊருக்கு வரி கட்ட வேண்டும். வருமானம் எவ்வளவு பெரியதோ அந்தக் கடமையும் அவ்வளவு பெரியது. அவரை எவ்வளவு நேசித்தாலும் இதில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன்.

பள்ளிகளைப் பற்றியும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். மூன்றாவது ஆல்பத்தின் பணம் கைக்கு வந்ததும், 1997இல், அந்த ஆல்பத்தின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயது. உள்நாட்டுப் போரில் கிராமங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் நகர்ப்புறக் குடிசைகளில் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம் அது. அறக்கட்டளை பள்ளிகள் நடத்திய இடங்கள்: கொலம்பியாவின் கிப்தோ நகரம், போகோட்டாவை ஒட்டிய மலைச்சரிவுக் குடியிருப்பான ஆல்தோஸ் தெ கசூக்கா, அப்புறம் பாரன்கியா. 2009இல் பாரன்கியாவின் லா பிளாயா பகுதியில் பெரிய பள்ளி திறந்தது. 2014இல் கார்த்தஹேனாவின் குன்றுப் பகுதி ஒன்றில் இன்னொன்று. இவை கட்டணப் பள்ளிகள் அல்ல. பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பெற்றோருக்குப் பயிற்சி, மாலையில் அக்கம்பக்கத்தார் பயன்படுத்த மைதானம் என்று அந்தப் பேட்டை முழுவதையும் உத்தேசித்துக் கட்டியவை. பெயர் பலகையோடு நின்றுபோகும் பிரபல அறக்கட்டளைகளுக்கு நடுவே, இது கால் நூற்றாண்டு தாண்டி நடக்கிறது. ஸ்பெயினுக்குக் கட்டாத வரியை இது ஈடு செய்யாது. இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

2022 ஜூனில் பிக்கேயோடு பிரிவு. 2023 ஜனவரியில் அர்ஜென்டினாவின் இளம் தயாரிப்பாளர் பிஸாராப்போடு செய்த பாட்டில் முன்னாள் துணையின் பெயரை வைத்தே சொல்விளையாட்டு ஆடினார். பெண்கள் இனி அழுவதில்லை, பணம் பண்ணுகிறார்கள் என்று அதில் ஒரு வரி. லத்தீன் அமெரிக்கா முழுக்கச் சுவரிலும் சட்டையிலும் எழுதப்பட்ட வரி அது. மூன்று நாளுக்குள் யூடியூபில் 10 கோடி பார்வைகள். பிறர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கோபம் அந்தச் சூட்டோடு வந்திருக்காது. அந்த வரியின் முதல் பாதியையே தலைப்பாக வைத்து 2024இல் ஆல்பம், அதற்கு கிராமி விருது, 2025 பிப்ரவரியில் ரியோவில் தொடங்கி அரங்கம் நிறைந்த சுற்றுப்பயணம்.

இப்போது அவர் மேடையில் நிற்கும் ஓர் இரவை என் தொழில் முறையில் பிரித்துப் பார்க்கிறேன். டிக்கெட் பணத்தில் அவருக்குப் பெரும் பங்கு. கூட்டம் வீட்டுக்குப் போய்க் கேட்கும் பழைய ஒலிப்பதிவில் சோனிக்குப் பங்கு. பழைய பாட்டு ஒன்றைப் பாடினால் எழுதியவர் என்ற முறையில் வர வேண்டிய தொகை, அந்த உரிமையை வாங்கியவர்களுக்கு. வக்கா வக்கா பாடும்போது பல்லவியின் வேர் கேமரூனில். கடைசியில் பிஸாராப் பாட்டு. அது 2021க்குப் பிறகு எழுதியது, அந்த 145இல் சேராதது.